தேநீர்க் குறிப்பேடு: எந்த வழியில் தொடங்கினால் பாதியில் நிற்காது?

என் மேசை இழுப்பறையில் தேநீரைப் பற்றி நான் எழுதத் தொடங்கிய நான்கு குறிப்பேடுகள் கிடக்கின்றன. முதலாவது பத்தொன்பதாம் பக்கத்தோடு நின்றுபோனது. இரண்டாவது ஐந்து மாதம் நடந்தது. மூன்றாவதில் ஒரு பக்கம்கூட முழுதாக நிரம்பவில்லை. நான்காவது மட்டும் ஏழாம் ஆண்டில் இருக்கிறது. சென்னை வேலையை விட்டுவிட்டுக் காரைக்குடிக்குத் திரும்பிய என் அண்ணன் மகள், தேநீரைப் பற்றித் தொடர்ந்து எழுத வேண்டும் என்ற ஆசையைச் சொல்லி, “சித்தப்பா, எதை வைத்துத் தொடங்கினால் பாதியில் நிற்காது?” என்று கேட்டபோது, இந்த நான்கையும் எடுத்து அவள் முன்னால் வைத்தேன். அவை நான்கும் நான்கு வெவ்வேறு வழிகளில் எழுதப்பட்டவை என்பதும், நின்றுபோன மூன்றும் என் சோம்பலால் மட்டும் நின்றுவிடவில்லை என்பதும் அன்றுதான் எனக்கே தெளிவாகப் புலப்பட்டன.

முதல் வழி, பல ஊர்த் தேயிலைகளை வரவழைத்து ஒவ்வொன்றையும் சுவைத்து எழுதுவது. இரண்டாவது, சுற்றுவட்டாரத்து டீக்கடைகளுக்குச் சென்று வாரம் ஒரு கடையைப் பற்றி எழுதுவது. மூன்றாவது, தேநீர் நம் ஊருக்கு வந்த கதையைப் பெரியவர்களின் நினைவிலிருந்தும் பழைய தாள்களிலிருந்தும் திரட்டுவது. நான்காவது, வீட்டில் அன்றாடம் போடும் ஒரே தேயிலையை வைத்துக்கொண்டு, தண்ணீர், நேரம், அளவு ஆகியவற்றை மாற்றி மாற்றிப் போட்டு எழுதுவது. செலவு, உழைப்பு, சுவாரசியம் என்று பல அளவுகோல்களால் இவற்றை ஒப்பிடலாம். ஆனால் கணக்கெழுதிப் பிழைத்தவன் என்ற முறையில் நான் முதலில் பார்ப்பது, எழுதுவதற்கான சரக்கு எங்கிருந்து வருகிறது, அந்த வரத்து என்று நிற்கும் என்பதைத்தான். ஆர்வம் வற்றியதால் எழுத்து நின்றது என்று நாம் சொல்லிக்கொள்வதில் பெரும்பகுதி, சரக்கு வரத்து நின்றதால் நேர்ந்ததே.

புதிதாக ஆசைப்படுபவர் எல்லோரும் முதலில் நாடுவது முதல் வழியான இந்த இலைவழியைத்தான், அதில் வியப்பில்லை. பச்சைத் தேநீர், ஊலாங், கறுப்புத் தேநீர் எல்லாம் கமேலியா சைனென்சிஸ் என்ற ஒரே செடியிலிருந்து வருபவை என்றும், பறித்த இலையை வாட்டுவதிலும் உருட்டுவதிலும் ஆக்சிஜனேற்றத்துக்கு விடும் நேரத்திலும்தான் வேறுபாடு பிறக்கிறது என்றும் அறியும்போது ஏற்படும் வியப்பே பல பக்கங்களை எழுத வைத்துவிடும். நசுக்கிப் பொடியாக்காமல் உருட்டிப் பதப்படுத்தும் ‘ஆர்த்தடாக்ஸ்’ முறையில் வரும் நீலகிரி இலை, டிசம்பர், ஜனவரி மாதங்களின் உறைபனிக் காலத்தில் அங்கே பறிக்கப்படும் மணமிக்க இலை, டார்ஜிலிங்கின் மார்ச், ஏப்ரல் மாத முதல் பறிப்பு, மே, ஜூனில் வரும் இரண்டாம் பறிப்பு, அசாமின் கெட்டியான சாயம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். குளிர்காலத்தில் டார்ஜிலிங் செடிகள் துளிர் விடாமல் உறங்கும். நீலகிரியிலோ ஆண்டு முழுவதும் பறிப்பு உண்டு. ஆகவே எந்த மாதத்தில் எதை வாங்குவது என்பதற்கே ஒரு நாட்காட்டி போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும், அப்படிப் போடுவதும் ஓர் இன்பம்.

சுவைப்பதற்கும் ஒழுங்கான முறை இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 3103 என்ற உலகத் தர விதி, 100 மில்லிலிட்டர் கொதிநீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிடம் ஊறல் என்று வரையறுக்கிறது. இது மிகச் சிறந்த தேநீரைப் போடும் வழி அன்று. எல்லாத் தேயிலைகளையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்க்கும் வழி. 6 நிமிடம் ஊறிய டார்ஜிலிங் பலருக்கும் வாயைப் பிடிக்கும் அளவுக்குத் துவர்க்கும். அந்தத் துவர்ப்பிலேயே அதன் குறையும் நிறையும் வெளிப்பட்டுவிடும் என்பதற்காகத்தான் அவ்வளவு நேரம். ஒரு கிராமுக்குக் குறைவான வேறுபாட்டையும் துல்லியமாகக் காட்டும் சிறிய தராசும், மூடியுள்ள பீங்கான் கோப்பை ஒன்றும் இருந்தால் காரைக்குடி வீட்டின் உள்முற்றமான வளவில் உட்கார்ந்துகொண்டே இதைச் செய்துவிடலாம்.

இத்தனை வளமான வழி என்னைப் பத்தொன்பதாம் பக்கத்தில் கைவிட்டதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது பணம். 50 கிராம் பொட்டலம் சராசரியாக 300 ரூபாய் என்று வைத்து வாரம் ஒன்று வாங்கினால் ஆண்டுக்கு 15,600 ரூபாய் ஆகும்; 150 மில்லிலிட்டர் கோப்பைக்கு 3 கிராம் என்ற கணக்கில் ஒரு பொட்டலத்தில் பதினாறு கோப்பை கிடைக்கும்; அவற்றில் இரண்டு மூன்றைப் பற்றி எழுதிவிட்டு, அடுத்த பொட்டலத்துக்குப் போய்விடுவோம். மீதி டப்பாக்களில் கிடந்து, நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மணம் இழந்து, கடைசியில் குப்பைக்குப் போகும். அதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் குறிப்பேட்டைத் திறக்கவே கூச்சமாக இருந்தது. பொட்டலம் வருவதற்குத் தாமதமான வாரத்தில் எழுத ஒன்றுமில்லை. வந்த வாரத்தில் நான்கு சேர்ந்து வந்து திணறடித்தன.

இரண்டாவது காரணம் சொற்கள். டார்ஜிலிங் இரண்டாம் பறிப்பை வருணிப்பவர்கள் ‘மஸ்கடல்’ என்ற சொல்லை விடாமல் பயன்படுத்துகிறார்கள். மஸ்கட் திராட்சையை நான் வாழ்நாளில் தின்றதில்லை. தின்னாத பழத்தின் மணம் கோப்பையில் வருகிறது என்று எழுதிய அன்றே என் எழுத்தின் மீது எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது. பிற்பாடு, கவுனி அரிசி வேகும் வாசம், அவித்த பனங்கிழங்கு, முதல் மழைக்கு நனைந்த செம்மண், உலர்ந்த மகிழம்பூ என்று என் மூக்குக்குப் பழகியவற்றையே அளவாக வைத்துக்கொண்டபோது எழுத்து இளகி வந்தது. துவர்ப்பை ஆறு சுவைகளில் ஒன்றாக எண்ணிய மொழி நம்முடையது. தேநீரை வருணிக்க இதைவிட நல்ல முதலீடு வேறில்லை. ஆனால் இந்தப் பாடத்தைக் கற்றபோது முதல் குறிப்பேடு நின்று ஓராண்டு ஆகியிருந்தது.

கடைவழிக்கு வருவோம். செலவைப் பொறுத்தவரை இதற்கு நிகர் இல்லை: எங்கள் தெருமுனையில் ஒரு டீ 12 ரூபாய், வெளியூர் என்றால் பேருந்துக் கட்டணம் கூடுதல். சரக்குக்கும் பஞ்சமில்லை. செட்டிநாடு என்பது 70-க்கும் மேற்பட்ட ஊர்களின் தொகுதி. காரைக்குடி, தேவகோட்டை போன்ற நகரங்களை விட்டுவிட்டு, பள்ளத்தூர், கானாடுகாத்தான், கோட்டையூர், புதுவயல் என்று ஊருக்கு ஒரு கடை எடுத்தாலே ஓராண்டு ஓடிவிடும். அதுமட்டுமன்று, டீக்கடை என்பது நுணுக்கமாகப் பார்க்கத் தெரிந்தவருக்கு ஒரு தொழிற்கூடம். 1930-ஆம் ஆண்டு வில்லியம் மெக்கர்ச்சர் அசாமில் உருவாக்கிய சி.டி.சி. முறையில், பற்கள் வெட்டிய உருளைகளுக்கு இடையே நசுங்கிக் கிழிந்து சுருண்டு வரும் குருணைத் தேயிலையும், அதிலும் பொடியான ‘டஸ்ட்’ ரகமும்தான் நம் கடைகளில் துணிப்பைக்குள் விழுகின்றன. பரப்பு அதிகமான பொடி என்பதால் சாயம் விரைவாக இறங்கும். கூட்டம் நிற்கும் கடைக்கு அந்த விரைவுதான் தேவை.

துணிப்பையில் காலையில் போட்ட தூளின் மேல் மறுபடியும் கொதிநீர் ஊற்றி, சாயம் இளைக்கும்போது மேலே கொஞ்சம் புதுத்தூள் போட்டு, மறுபடியும் ஊற்றி வடிக்கிறார்கள். ஆகையால் காலை 6 மணி டீயும் 11 மணி டீயும் மாலை 4 மணி டீயும் ஒரே கடையில், ஒரே கையால் போடப்பட்டாலும் மூன்று வேறு பானங்கள். இதை உணராமல் கடைக்குக் கடை ஒப்பிட்டு எழுதிய என் முதல் பத்துக் குறிப்புகளை நான் அடித்துவிட்டேன், ஏனென்றால் ஒரு கடையின் 6 மணியை இன்னொரு கடையின் 11 மணியோடு நிறுத்திவிட்டு, ஒன்றை உயர்ந்தது என்றும் மற்றொன்றைத் தாழ்ந்தது என்றும் தீர்ப்பு எழுதியிருந்தேன். ஆற்றும் உயரம், பால் பாத்திரம் அடுப்பில் எத்தனை நேரமாகச் சுண்டிக்கொண்டிருக்கிறது, கண்ணாடித் தம்ளரா எவர்சில்வரா என்பதெல்லாம் குறிக்கத்தக்கவை. கடைவழியைத் தேர்ந்தெடுப்பவர் நேரத்தைக் குறிக்காமல் எதையும் எழுத வேண்டாம் என்பதே என் ஒரே அறிவுரை.

இந்த வழி ஐந்து மாதத்தில் நின்றது வேறொரு சிக்கலால். நான் போகும் கடைக்காரர்களுக்கு நான் எழுதுவது தெரிந்துபோயிற்று. நல்லதாக எழுதினால் அடுத்த முறை காசு வாங்க மறுத்தார்கள். குறை எழுதினால், மூன்று தலைமுறையாகத் தெரிந்த குடும்பத்தின் பிழைப்பில் கைவைத்தவனாகிவிட்டேன். நெருங்கிப் பழகிய ஊரில், ஒரு மனிதரின் கைப்பக்குவத்தை எடை போட்டு எழுதுவது இலையை எடை போடுவதைப் போல எளிதன்று. கடையின் பெயரையே எழுதாமல், “சந்தைக்குப் போகும் வழியில், வேப்பமரத்தடியில்” என்று மறைத்துப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் ஒரே ஒரு கடைதான் இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். வேற்றூரிலிருந்து வந்து தங்கியிருப்பவருக்கு இந்த வழி என்னைவிட நன்றாகப் பொருந்தலாம். உள்ளூர்க்காரருக்கு நாக்கு கூர்மையாக ஆக, எழுதும் கை தயங்கும்.

மூன்றாவது வழியைப் பற்றி நான் அதிகம் சொல்ல முடியாது, ஏனென்றால் அதில் நான் அதிக தூரம் போகவில்லை. ஆனால் நான்கில் எதற்கு ஆழம் மிகுதி என்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் காட்டுவேன். இலங்கையில் 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதும், 1869-இல் தொடங்கிய இலைத்துரு நோய் காப்பித் தோட்டங்களை அழித்துத் தேயிலைக்கு இடம் விட்டதும், நம் பக்கத்து மாவட்டங்களிலிருந்து தோட்ட வேலைக்குக் கடல் கடந்த குடும்பங்களின் கதையோடு பிணைந்தவை. செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார், தமிழில் செட்டியார் தெரு என்றே அழைக்கப்பட்ட கொழும்புத் தெருவில் வட்டிக்கடை வைத்திருந்தார்கள். அவர்கள் தொழில் நடத்திய பர்மாவிலோ, புளிக்க வைத்த தேயிலையை ‘லபெட்’ என்ற பெயரில் உண்ணவே செய்வார்கள். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தால் தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்றே தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. அந்தத் தோட்டங்களின் ‘டான்டீ’ இலை இன்றும் விற்பனைக்கு வருகிறது. தேக்குத் தூண்களுக்கும் ஆத்தங்குடித் தரை ஓடுகளுக்கும் நடுவே உட்கார்ந்து தேநீர் குடிப்பவருக்கு, கையிலிருக்கும் தம்ளரே கடலுக்கு அப்பால் போய்வந்த ஒரு பொருள்.

இதற்கான தாள்கள் எங்கே கிடைக்கும் என்று திகைக்க வேண்டியதில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா, நூல்களோடு திருமண அழைப்பிதழ்களையும் நாடக நோட்டீஸ்களையும்கூடச் சேர்த்து வைத்தவர். 1992-இல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பு சென்னையில் ஆய்வு நூலகமாகியிருக்கிறது. ஒரு பழைய மளிகைப் பட்டியலில் ‘தேயிலை’ என்ற சொல் எந்த ஆண்டில் முதன்முதலாக வருகிறது என்று தேடுவதே ஒருவருக்குப் போதுமான வேலை. ஆயினும், இந்த வழியில் எழுத்து மாதக்கணக்கில் பக்கம் பக்கமாகச் சேராது. ஒரு பெட்டியைத் திறக்கச் சாவி வைத்திருப்பவர் ஊரில் இல்லை, இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். திறந்தால் கரையான் முந்திக்கொண்டிருக்கும். மெல்ல நகரும் வேலை என்று தெரிந்து இறங்குபவருக்கு இது ஏற்றது. ஒவ்வொரு வாரமும் ஏதாவது எழுதியாக வேண்டும் என்ற துடிப்புடன் தொடங்குபவருக்கு இது முதல் மாதத்திலேயே ஏமாற்றம் தரும். எனக்கு அப்படித்தான் தந்தது.

நான்காவது வழியை நான் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. வேறு வழியில்லாமல் அதில் விழுந்தேன். ஒரு மழைக்காலத்தில் எங்கள் தெருவின் குடிநீர்க் குழாய் மூன்று நாள் வராமல்போக, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் டீ போட்டார்கள். மேலே பழுப்பு நிற ஆடை ஒன்று படர்ந்து, தம்ளரின் உள்விளிம்பில் வளையமாக ஒட்டிக்கொண்டது. டீத்தூள் கெட்டுவிட்டது என்று வீட்டில் ஒரே சத்தம். எனக்கு ஐயம் வந்து, அதே தூளைக் கேன் தண்ணீரில் போட்டேன். ஆடையே இல்லை, சாயம் கண்ணாடிபோலச் சிவந்து நின்றது, துவர்ப்பு மட்டும் சற்றுக் கூர்மை. தேடிப் படித்ததில் காரணம் தெரிந்தது: கடின நீரிலுள்ள கால்சியமும் பைகார்பனேட்டும் தேயிலையின் பாலிபீனால்களோடு காற்றுப்படும் மேற்பரப்பில் சேர்ந்து அந்த ஆடையை உண்டாக்குகின்றன. அமிலம் சேர்ந்தால் அது உருவாகாது. அதனால்தான் எலுமிச்சை பிழிந்த கட்டன் சாயாவில் ஆடை இல்லை, நிறமும் வெளுக்கிறது. ஆழ்துளைத் தண்ணீரைப் பத்து நிமிடம் கொதிக்க வைத்துத் தெளிய விட்டு, அடியில் வெள்ளைப் பொடியாகப் படிந்ததை விட்டுவிட்டு மேல்நீரை மட்டும் எடுத்துப் போட்டபோது ஆடை பெரிதும் குறைந்தது. ஒரே தூள், ஒரே அடுப்பு, ஒரே கை. தண்ணீர் மட்டும் மாறியதற்கே நான்கு பக்கம் எழுதிவிட்டேன்.

ஊருணியும் கிணறும் காரைக்குடிக்குக் குடிநீர் தரும் சம்பை ஊற்றும் பேச்சில் அடிபடாத நாளே இல்லாத வறண்ட சீமை இது. தண்ணீரின் சுவையைப் பற்றி எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு இருக்கும் நுட்பம் தேயிலையைப் பற்றி இல்லை. எந்தக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகும், எதில் வேகாது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். பருப்பை வேகவிடாத அதே கடினத்தன்மைதான் டீயின் மேல் ஆடையாக நிற்கிறது என்று அறிந்த அன்று, தேநீரைப் பற்றி எழுத நான் வெளியூர்ப் பொட்டலங்களுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்று பட்டது.

பிறகு கணக்குப் போட்டேன். குழாய், ஆழ்துளை, கேன் என்று தண்ணீர் மூன்று. 2, 4, 6 நிமிடம் என்று ஊறல் மூன்று. 150 மில்லிலிட்டருக்கு 2, 3, 4 கிராம் என்று அளவு மூன்று. பாலோடும் பாலில்லாமலும் என்று வகை இரண்டு. மூன்றை மூன்றால் பெருக்கி, மீண்டும் மூன்றாலும் இரண்டாலும் பெருக்கினால் 54. வாரம் ஒன்று வீதம் ஓராண்டும் இரண்டு வாரமும் எழுதுவதற்கான சரக்கு, அடுக்களையை விட்டு வெளியே வராமலே கைவசம் இருந்தது. 54 முறைக்கும் சேர்த்துத் தேவைப்படும் தூள் 162 கிராம். கால் கிலோ பொட்டலம் ஒன்று போதும். இதில் ஒரு சிக்கல் உண்டு, அதை மறைக்கக் கூடாது: ஒரே பொட்டலத்தைத் திறந்து ஓராண்டு வைத்திருந்தால் கடைசிக் கோப்பையின் மணக்குறைவு தண்ணீரால் வந்ததா பழமையால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. வாங்கிய அன்றே சிறுசிறு டப்பாக்களில் காற்றுப்புகாமல் பிரித்து அடைத்து, ஒவ்வொன்றாகத் திறப்பதே நான் கண்ட வழி. முழுமையான தீர்வு அன்று, ஆனால் இலைவழியில் குப்பைக்குப் போன டப்பாக்களை நினைத்தால் இது பொறுக்கத்தக்கது.

சலிப்புத் தட்டாதா என்று கேட்பார்கள். தட்டும், இருபதாவது வாரத்துக்கு மேல் தட்டியது. ஆனால் அந்த நேரத்தில்தான் நாக்கு திருந்தத் தொடங்குகிறது. 3 கிராமுக்கும் 4 கிராமுக்கும் உள்ள வேறுபாட்டைப் பாலில்லாத கோப்பையில் எளிதாகக் கண்டேன். பால் சேர்ந்ததும் பாதி மறைந்தது, ஏனென்றால் பாலின் கேசின் புரதம் துவர்ப்புப் பொருள்களைப் பற்றிக்கொள்கிறது. அப்படியானால் நம் ஊர் டீயில் கெட்டித்தன்மை என்று நாம் பாராட்டுவது தூளின் குணமா, பாலின் குணமா? இந்தக் கேள்வி எழுந்த பிறகு சலிப்பு இருந்த இடம் தெரியவில்லை. பல தேயிலைகளை மேலோட்டமாகச் சுவைத்தபோது எனக்குள் இப்படி ஒரு கேள்வியும் எழுந்ததில்லை. வியப்புகள் மட்டுமே வந்தன, வியப்புகளை நாமே உண்டாக்கிக்கொள்ள முடியாது.

எவ்வளவு இடைவெளியில் எழுதுவது என்பதிலும் தேர்வு இருக்கிறது, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாள்தோறும் எழுதுவது பத்து நாளில் வழக்கமாகவும் இருபது நாளில் சுமையாகவும் மாறுகிறது. மாதம் ஒருமுறை என்றால் முந்தைய கோப்பையின் நினைவே நாக்கில் இருப்பதில்லை. வாரம் ஒருமுறை, அதுவும் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஏதாவது ஒரு காரியத்தோடு முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்வதே நடக்கிறது. எங்கள் வீட்டில் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு நான்கு மணிப் பலகாரம். அதற்கு முந்தைய அரைமணி நேரம் என்னுடையது. பலகாரத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளக் கூடாது. சீயமும் கந்தரப்பமும் தின்ற வாயில் எந்தத் தேநீரும் ஒன்றுபோலவே கசக்கும்.

நின்றுபோன எழுத்துக்கெல்லாம் பொதுவாக ஒரு நோய் இருப்பதை என் தொழில் எனக்குக் காட்டியது. ஒரு வாரம் விட்டுப்போனால் அதை அடுத்த வாரத்தோடு சேர்த்து எழுதிவிடலாம் என்று தள்ளுகிறோம், அது பாக்கியாகிறது, மூன்று வாரப் பாக்கி சேர்ந்ததும் குறிப்பேட்டைப் பார்த்தாலே கடன்காரனைப் பார்த்ததுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். நான்காவது குறிப்பேட்டில் எழுதாத வாரத்துக்குத் தேதியை மட்டும் போட்டு ஒரு கோடு இழுத்துவிடுகிறேன். பாக்கி முன்கொண்டு செல்லப்படுவதில்லை. ஏழாண்டில் அப்படிப்பட்ட கோடுகள் அறுபதுக்கு மேல் இருக்கும். அக்கினி நட்சத்திர வாரங்களில் பெரும்பாலும் கோடுதான்.

இன்னொன்று, எல்லையில்லாமல் தொடங்குவதைவிட எண்ணிக்கை ஒன்றை வைத்துக்கொண்டு தொடங்குவது மனத்துக்கு எளிது. திருக்கார்த்திகையிலிருந்து நாளுக்கு ஒரு நூலாக எடுத்து வைத்து, 21 நாள் நிறைந்ததும் அவற்றைத் திரித்து மாவில் வைத்து ஏற்றி விழுங்கும் பிள்ளையார் நோன்பை இந்தப் பக்கத்து வீடுகளில் எந்தக் காலத்திலும் யாரும் பாதியில் விட்டதாக நான் கேட்டதில்லை. வாழ்நாள் முழுதும் நூல் எடுக்கச் சொல்லியிருந்தால் எத்தனை பேர் எடுத்திருப்பார்களோ. ஆகவே முதலில் 21 கோப்பை என்று வைத்துக்கொண்டால் போதும். அது முடிந்த பிறகு 54-ஐப் பற்றி யோசிக்கலாம்.

தனியாக எழுதுவதா, துணையோடு எழுதுவதா என்பதில் என் கருத்து உறுதியானது: சுவைக்கும்போது துணை வேண்டும், எழுதும்போது வேண்டாம். எதிரே இருப்பவர் “இது கசக்கிறது” என்று முந்திச் சொல்லிவிட்டால் நம் நாக்கு அதற்கு ஒத்துப் பாடத் தொடங்கிவிடும். இருவரும் தனித்தனியாக எழுதிவிட்டுப் பின்னர் தாள்களை மாற்றிக்கொள்வது நல்லது. படிக்க ஒருவர் இருந்தால்கூடப் போதும். எனக்கு இத்தனை ஆண்டும் என் மைத்துனர் ஒருவரே வாசகர், அவரும் காப்பி குடிப்பவர்.

அண்ணன் மகளுக்கு நான் சொன்ன முடிவு இதுதான். கையில் பணமும் முன்பே பழகிய நாக்கும் இருந்தால் இலைவழி; வேற்றூராக இருந்தால் கடைவழி; அவளுக்கு இரண்டும் பொருந்தாததால் வீட்டுத் தூளை வைத்து நான்காவது வழியில் தொடங்கட்டும், மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை நீலகிரி ஆர்த்தடாக்ஸ் பொட்டலம் ஒன்றை வாங்கி அதே தண்ணீரில் போட்டு ஒப்பிட்டுக்கொள்ளட்டும். வரலாற்று வழியை இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளி வைக்கலாம் என்றேன்.

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் ஏற்கவில்லை. “அப்பத்தாவுக்கு எண்பத்தாறு வயதாகிறது, சித்தப்பா” என்றாள். என் ஒப்பீட்டில் நான் நிறுத்துப் பார்க்கத் தவறிய சரக்கு அது. தூள் கடையில் கிடைத்துக்கொண்டே இருக்கும், தண்ணீரும் ஏதோ ஒரு வகையில் வரும். சிறு வயதில் கொழும்பில் இருந்த என் தாயாரின் நினைவு மட்டும் அடுத்த ஆண்டுவரை நமக்காகக் காத்திருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. கணக்கைத் திருத்திக்கொண்டேன். வீட்டில் அத்தகைய பெரியவர் ஒருவர் இருந்தால், மற்ற மூன்று வழிகளையும் ஒத்தி வைத்துவிட்டு அவரிடமிருந்து தொடங்க வேண்டும். இல்லாதவர் தூளிலிருந்து தொடங்கலாம்.

சென்ற சனிக்கிழமை மூன்றரை மணிக்கு வளவில் இரண்டு தம்ளர்களும் ஒரு புதுக் குறிப்பேடும் வைக்கப்பட்டன. அம்மா இன்றும் தேநீர் என்றோ டீ என்றோ சொல்வதில்லை, தேத்தண்ணி என்றுதான் சொல்வார். குழாய்த் தண்ணீர், 3 கிராம், 4 நிமிடம், பாலில்லை என்று முதல் வரியில் எழுதிய அண்ணன் மகள், சர்க்கரை எவ்வளவு என்று கேட்டாள். அம்மா தம்ளருக்குள் சர்க்கரை போட வேண்டாம் என்று கையை அசைத்து, உள்ளங்கையை நீட்டி அதில் ஒரு சிட்டிகை வைக்கச் சொன்னார். தோட்டத்திலிருந்து கடைக்கு வரும் ஆட்கள் இப்படி நக்கிக்கொண்டுதான் குடிப்பார்கள், பார்த்துப் பார்த்து நாங்களும் பழகிக்கொண்டோம், ஆத்தா திட்டுவார்கள் என்றார். சர்க்கரை எத்தனை கிராம் என்ற கட்டத்தை அவள் காலியாக விட்டிருக்கிறாள்.